மேற்பொருந்தும் எதிரொளிப்புகள்: தோலிலும் பஞ்சிலும் ஓர் எக்ஸ் கதிர்க் கணக்கு

தனித்தனியாக அளக்க வேண்டிய இரண்டோ அதற்கு மேற்பட்டோ எக்ஸ் கதிர் எதிரொளிப்புகள் உணரியில் ஒரே இடத்தில் விழுந்து, அவற்றின் செறிவுகள் சேர்ந்து ஒரே எண்ணாகப் பதிவாகும் நிலையைப் படிகவியலில் மேற்பொருந்துதல் என்கிறோம். படிகத்தில் அணுக்கள் சீரான தளங்களாக அடுக்கப்பட்டிருக்கின்றன. எக்ஸ் கதிர் அந்தத் தளங்களின் மேல் பொருத்தமான கோணத்தில் படும்போது மட்டும் விளிம்பு விளைவால் வலுவான கதிர் ஒன்று கிளம்பி, படத்தில் ஒரு புள்ளியாக விழுகிறது. 1912இல் மாக்ஸ் ஃபோன் லாவேயின் யோசனைப்படி நடந்த சோதனையில் இது தெரியவந்தது. அதைத் தொடர்ந்து பிராக் தந்தையும் மகனும் கோணத்துக்கும் தளங்களின் இடைவெளிக்கும் உள்ள உறவைக் கண்டு, படிகங்களின் உள்ளமைப்பைக் கணக்கிடத் தொடங்கினார்கள். புள்ளி விழும் இடம், படிகம் முழுவதும் திரும்பத் திரும்ப வரும் அலகுக்கூட்டின் அளவைச் சொல்லும். அந்தக் கூட்டுக்குள் எந்த அணு எங்கே இருக்கிறது என்பதைச் சொல்வது புள்ளியின் செறிவுதான். ஆகவே ஒன்றின்மேல் ஒன்றாகப் புள்ளிகள் விழும்போது நாம் இழப்பது மிக முக்கியமான செய்தியை. 100 என்று பதிவான செறிவு 50ம் 50ம் சேர்ந்ததா, 90ம் 10ம் சேர்ந்ததா என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் மொத்தம் 100 என்பது உறுதி. அந்த உறுதியை அப்படியே காப்பாற்றி, அணு அமைப்புக்கு நாம் வைக்கும் மாதிரியை அதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே சரியான வழி. பங்கு பிரித்து எழுதிய எண்ணை அளந்த எண்ணாக நடத்தும்போதுதான் தவறு நுழைகிறது. திண்டுக்கல் சமவெளியின் இரண்டு பழைய சரக்குகளான தோலும் பஞ்சும் இதற்குப் போதுமான சான்று தருகின்றன.

புள்ளிகள் கலப்பதற்குக் காரணம் பல. சில கலப்புகள் வடிவக் கணிதத்தாலேயே வருகின்றன, எந்தக் கருவியாலும் அவற்றைப் பிரிக்க முடியாது. கனசதுரப் படிகத்தைத் தூளாக்கிப் படம் எடுத்தால், 300 என்ற மில்லர் எண்கள் (தளத்தின் திசையைக் குறிக்கும் மூன்று எண்கள்) கொண்ட தளமும் 221 என்ற தளமும் ஒரே கோணத்தில் எதிரொளிக்கும். இரண்டிலும் எண்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 9 வருகிறது. தூள் முறையில் கோணத்தைத் தீர்மானிப்பது அந்தக் கூட்டுத்தொகை மட்டுமே. 333க்கும் 511க்கும் அதே கதி, இரண்டிலும் 27. வேறு சில கலப்புகள் தற்செயலானவை. படிகத் துணுக்குகள் மிகச் சிறியவையாக இருந்தால் ஒவ்வொரு உச்சியும் அகன்று பக்கத்து உச்சியின் மேல் சரியும். அலகுக்கூடு பெரிதாக இருந்தால் புள்ளிகள் நெருங்கி ஒட்டிக்கொள்ளும். ஒரே படிகம் போலத் தோன்றுவது உண்மையில் திசை மாறி ஒட்டி வளர்ந்த இரட்டைப் படிகமாக இருந்தால், ஒரு பாகத்தின் புள்ளி மற்றதன் புள்ளி மேல் விழும். கடைசியாக இழைப் பொருள்கள். கலப்பு மிகக் கடுமையாக இருப்பது அவற்றில்தான்.

திண்டுக்கல்லில் பேகம்பூரிலும் வத்தலக்குண்டு, மதுரை, பொன்மாந்துறைச் சாலைகளின் ஓரத்திலும் தோல் பதனிடும் தொழில் வேர்விட்டிருக்கிறது. நிலத்தடி நீர் மாசு குறித்த ஆய்வுகள் நகரைச் சுற்றி ஏறக்குறைய 80 தோல் ஷாப்புகளைக் கணக்கிட்டன. அந்த மாசு தனியாகப் பேச வேண்டிய பெரிய துயரம். இங்கே பார்க்க வேண்டியது தொட்டிக்குள் இருக்கும் பொருளை. உப்புத் தோலை நனைத்து, சுண்ணாம்பில் ஊறவைத்து, மயிரும் சவ்வும் நீக்கிய பிறகு மிஞ்சுவது பெரும்பாலும் கொலாஜன் என்ற ஒரே புரதம். ஆவாரம்பட்டையும் கடுக்காயும், பின்னாளில் குரோமிய உப்பும் போய்ப் பிடித்துக்கொள்வது அதைத்தான். இந்தத் தோலில் ஒரு சிறு துண்டை எக்ஸ் கதிர்ப் பாதையில் வைத்தால் படத்தில் வளையங்கள் விழும். பாய் முடைந்ததுபோலத் தோலின் இழைகள் எல்லாத் திசையிலும் ஓடுவதால் புள்ளிகள் சுற்றிச் சுற்றி இழுபட்டு வளையமாகின்றன. இழைகள் ஒரே திசையில் ஓடும் தசைநாணை வைத்தால் வளையங்கள் சுருங்கி வில் துண்டுகளாகின்றன. இழையின் நீளவாக்கில் 67 நானோமீட்டருக்கு ஒருமுறை அமைப்பு திரும்ப வருவதும், ஓர் அமினோ அமிலத்துக்கு அடுத்தது 0.286 நானோமீட்டர் ஏறி நிற்பதும் தெளிவாகத் தெரிகின்றன. 67ஐ 0.286ஆல் வகுத்தால் 234. ஒரு சுற்றுக்கு அத்தனை அமினோ அமிலங்கள். நீளவாக்கில் இவ்வளவு தெளிவு. குறுக்குவாக்கில் அப்படி இல்லை. தசைநாணில் உள்ள ஒவ்வொரு நுண்ணிழையும் தன் அச்சைச் சுற்றி எந்தக் கோணத்தில் வேண்டுமானாலும் திரும்பி நிற்கிறது. அதனால் அச்சிலிருந்து ஒரே தூரத்தில், ஒரே படலக்கோட்டில் (அச்சுக்குக் குறுக்காக ஓடும் கோட்டில்) விழ வேண்டிய எதிரொளிப்புகள் எல்லாம் ஒன்றாகக் குவிகின்றன. படிகத்தைச் சுழற்றிச் சுழற்றித் தனித்தனியாகப் பிடிக்கும் வாய்ப்பு இங்கே இல்லை. இயற்கையே எல்லாக் கோணத்தையும் சேர்த்துச் சுழற்றி ஒரே படமாகக் கொடுத்துவிட்டது.

இந்தக் குவியலை வைத்துக் கொலாஜனின் உருவைக் கண்டது சென்னை. கிண்டி வளாகத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்கு 1952இல் ஜி. என். ராமச்சந்திரன் பொறுப்பேற்றார், சற்றுத் தொலைவில் அடையாற்றில் 1948இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. கொலாஜன் அவிழாத முடிச்சு என்று ராமச்சந்திரனின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர், சென்னைக்கு வந்திருந்த ஜே. டி. பெர்னால். கோபிநாத் கர்த்தாவும் ராமச்சந்திரனும் கங்காரு வாலின் தசைநாணிலிருந்து கிடைத்த படத்தை ஆராய்ந்து, மூன்று சங்கிலிகள் சேர்ந்த அமைப்பை 1954 ஆகஸ்டில் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். மூன்றில் ஒரு பங்கு அமினோ அமிலம் கிளைசீனாக இருப்பதை அந்த அமைப்பு இயல்பாக விளக்கியது. கிளைசீன் மட்டுமே உள்ளே நுழையும் அளவுக்குத்தான் நடுவில் இடம் உண்டு. மறு ஆண்டு, மூன்று சங்கிலிகளும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்ட திருத்திய வடிவம் வந்தது. அதே 1955இல் அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும் மூன்று சங்கிலி முறுக்கை ஏற்றுக்கொண்டு ஒரு மாற்றம் செய்தார்கள். மூன்று அமினோ அமிலத்துக்கு இரண்டு ஹைட்ரஜன் பிணைப்பு என்றது சென்னை. ஒன்றுதான், இரண்டாவதற்கு அணுக்கள் மிக நெருங்கிவிடுகின்றன என்றார்கள் ரிச்சும் கிரிக்கும். இரு மாதிரிகளும் அதே இழைப் படத்தோடு பெரும்பாலும் ஒத்துப்போயின. திண்டுக்கல் பூட்டுக்குப் பேர்போன ஊர். ஒரு சாவி பூட்டைத் திறந்துவிட்டது என்பதாலேயே அது அந்தப் பூட்டுக்கென்று அராவிய சாவி ஆகிவிடாது என்பது அங்கே பட்டறையில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். குவிந்த செறிவு பல மாதிரிகளுக்கு வழிவிடும். எது உண்மை என்று அதனால் மட்டும் சொல்ல இயலாது.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். கொலாஜன் படத்தின் குறை கலப்பு மட்டும்தானா? தசைநாணின் ஒழுங்கே குறைவு, புள்ளிகள் சில டஜனுக்கு மேல் கிடைப்பதில்லை, பின்னணி வேறு கனமாக இருக்கிறது; பழியை எல்லாம் கலப்பின் தலையில் போடுவது சரியா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, ஒழுங்குக் குறைவும் உண்மை. ஆனால் கலந்த அதே படம் வேறு மாதிரிக்கும் இடம் தரும் என்பதற்குப் பின்னால் நடந்தது சான்று. ஜப்பானில் கென்ஜி ஒகுயாமா குழுவினர் கொலாஜன் போன்ற சிறு பெப்டைடைத் தனிப் படிகமாக வளர்த்துப் பார்த்தபோது, முறுக்கு 7 அலகுக்கு 2 சுற்று, அதாவது சுமார் 20 ஆங்ஸ்ட்ராமுக்கு (2 நானோமீட்டருக்கு) ஒரு மீள்வு என்று கண்டார்கள். இழைப் படத்திலிருந்து பிறந்த பழைய மாதிரி 10 அலகுக்கு 3 சுற்று, சுமார் 28.6 ஆங்ஸ்ட்ராம். 2006இல் அவர்கள் பழைய இழைத் தரவையே மறுபடி எடுத்து, 7க்கு 2 என்ற முறுக்கும் அதற்குப் பொருந்துகிறது என்று காட்டினார்கள். தரவு மாறவில்லை, ஒழுங்கு கூடவில்லை. மாதிரி மட்டும் மாறியது, அதுவும் பொருந்தியது. ஹைட்ரஜன் பிணைப்பு வழக்கு 1994இல் ஒருவாறு தீர்ந்தது. ஜோர்டி பெல்லா, பார்பரா பிராட்ஸ்கி, ஹெலன் பெர்மன் முதலியோர் 1.9 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கத்தில் தீர்த்த பெப்டைடுப் படிகத்தில், நேரடிப் பிணைப்பு மூன்று அமினோ அமிலத்துக்கு ஒன்றுதான் என்று தெரிந்தது. சங்கிலிகளுக்கு நடுவே நீர் மூலக்கூறுகள் வேறு பிணைப்புகளைப் பாலம் கட்டி நின்றன. அப்படி நீர் வழியாகப் பிணைப்பு இருக்கக்கூடும் என்று ராமச்சந்திரனும் சந்திரசேகரனும் 1968இலேயே எழுதியிருந்தார்கள் என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

ரிச், கிரிக் இருவரின் விமர்சனத்துக்குச் சென்னைக் குழு பதில் சொன்ன விதத்தை இந்தத் துறையின் மிக உயர்ந்த பாடமாக நான் கருதுகிறேன். அணுக்கள் மிக நெருங்கிவிட்டன என்ற குற்றச்சாட்டு வந்ததும், தங்கள் மாதிரிக்குச் சாதகமாகப் படத்தை மேலும் பிழிய அவர்கள் முனையவில்லை. அதுவரை தீர்க்கப்பட்ட சிறு மூலக்கூறுப் படிகங்களில் அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்குகின்றன என்று தேடித் தொகுத்தார்கள். அந்தத் தேடல்தான் 1963இல் ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் வெளியிட்ட வரைபடமாக முடிந்தது. புரதச் சங்கிலியின் இரண்டு திருப்புக் கோணங்களில் எவை இயலும், எவை இயலாது என்பதை அது ஒரே சதுரத்தில் காட்டியது. புரதக் கட்டமைப்பு ஒன்று சரியா என்று சோதிக்கும் எவரும் இன்றும் முதலில் பார்க்கும் வரைபடங்களில் அது ஒன்று. குவிந்த செறிவு எதைச் சொல்ல முடியவில்லையோ, அதை வெளியிலிருந்து, வேறு அளவீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும் என்பதே இதன் பொருள். குவியலுக்குள்ளேயே தோண்டிப் பங்கு போட்டால், நாம் போட்ட பங்கே திரும்பக் கிடைக்கும்.

பங்கு போடுவதில் உள்ள ஆபத்தை இரட்டைப் படிகத்தில் எண்ணிட்டே காட்டலாம். ஒரு பாகம் 55 விழுக்காடு, மறுபாகம் 45 விழுக்காடு என்று கொள்வோம். உண்மையான செறிவுகள் 100ம் 40ம் என்றால், கலந்து பதிவாவது 73ம் 67ம். இந்த இரண்டையும் சமன்பாட்டில் போட்டுத் திருப்பினால் 100ம் 40ம் கச்சிதமாகக் கிடைக்கும். ஆனால் அளவீட்டில் ஒரு சின்னப் பிசகு. 73க்குப் பதில் 74, 67க்குப் பதில் 66 என்று பதிவானதாக வைத்துக்கொள்வோம். திருப்பிக் கணக்கிட்டால் 110ம் 30ம் வரும். ஒன்று பிசகியதற்குப் பத்து பிசகுகிறது, ஏனென்றால் 55க்கும் 45க்கும் உள்ள வித்தியாசமான பத்து விழுக்காட்டால் வகுக்கிறோம். பாகங்கள் சரிபாதியானால் வகுக்கும் எண் பூச்சியமாகி, பிரிக்கவே முடியாமல் போகும். இதற்கு மாறாக, 74, 66 என்ற எண்களை அப்படியே வைத்துக்கொண்டு, மாதிரி சொல்லும் இரு செறிவுகளை 55க்கு 45 என்று கலந்து ஒப்பிட்டால், பிசகு ஒன்றாகவே நிற்கும். இரு வழியிலும் கையில் இருக்கும் செய்தி ஒன்றுதான்; பிழையைப் பெருக்குவது முதல் வழி. சிறு மூலக்கூறுப் படிகங்களுக்கு ஜார்ஜ் ஷெல்ட்ரிக் எழுதிய ஷெல்எக்ஸ்எல் நிரலில் இதற்கென்றே ஹெச்கேஎல்எஃப் 5 என்ற கோப்பு வடிவம் உண்டு. கலந்த எதிரொளிப்புகள் அடுத்தடுத்த வரிகளில் வரும். எல்லா வரியிலும் அதே மொத்தச் செறிவு. கடைசி வரி தவிர மற்றவற்றின் பாக எண்ணுக்கு முன் கழித்தல் குறி. அந்தக் குறிக்கு, அடுத்த வரியும் இதே அளவில் சேர்ந்தது என்று பொருள். எளிய ஏற்பாடுதான், நேர்மையானதும்கூட.

பிரித்து எழுதிய பிறகு மாதிரி நன்றாகப் பொருந்துகிறதே, ஆர் காரணி குறைந்திருக்கிறதே, அது போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. போதாது. ஆர் காரணி என்பது கணித்த மதிப்புக்கும் அளந்த மதிப்புக்கும் உள்ள விலகலின் விகிதம். முற்றிலும் தவறான, கண்ணை மூடிக்கொண்டு வைத்த மாதிரிக்கு அது எவ்வளவு இருக்கும் என்று 1950இல் ஆர்தர் வில்சன் கணக்கிட்டார்: சமச்சீர் மையம் இல்லாத படிகத்துக்கு 0.59, மையம் உள்ளதற்கு 0.83. சரிபாதி இரட்டைப் படிகத்தில் கலந்த செறிவுகளோடு ஒப்பிட்டால் தவறான மாதிரிக்கும் அது சுமார் 0.4 அளவுக்கு இறங்கிவிடும். இரண்டு எண்களைக் கூட்டும்போது ஏற்ற இறக்கம் மட்டுப்பட்டு, எல்லாம் சராசரியை நோக்கி நகர்வதே காரணம். அதாவது கலப்பு இருக்கும் இடத்தில் பொருத்தம் மலிவாகக் கிடைக்கிறது. இதே மட்டுப்படுதல் ஒரு வகையில் நமக்கு உதவவும் செய்யும். கலக்காத செறிவுகளில், மையம் இல்லாத படிகத்துக்கு, வர்க்கங்களின் சராசரியைச் சராசரியின் வர்க்கத்தால் வகுத்தால் 2 வர வேண்டும். சரிபாதிக் கலப்பில் அது 1.5 ஆகிவிடும். கட்டமைப்பு தெரியும் முன்பே, எண்களின் பரவலை வைத்து இப்படிக் கலப்பை மோப்பம் பிடிக்கலாம். செறிவுகளின் புள்ளியியலைச் சென்னைத் துறையிலேயே ஆர். சீனிவாசனும் எஸ். பார்த்தசாரதியும் ஆழமாக வளர்த்து 1976இல் நூலாகத் தந்தார்கள்.

கலந்த புள்ளிகளைத் தூக்கி எறிந்துவிட்டால் என்ன என்பது மற்றொரு கேள்வி. தனிப் படிகத்தில், அதே எதிரொளிப்பு வேறு கோணத்தில் தனியாக மறுபடி கிடைக்குமானால், எறிவதில் தவறில்லை. வராமல் காப்பது அதைவிட நல்லது. பெரிய அலகுக்கூட்டுக்குப் படிகத்தை ஒரு படத்துக்கு எவ்வளவு சுழற்றலாம் என்பதற்கு எளிய கணக்கு உண்டு: காண விரும்பும் நுணுக்கத்தைக் கூட்டின் நீளத்தால் வகுத்துப் பாகையாக்கி, படிகத்தின் ஒழுங்கின்மைக் கோணத்தைக் கழிக்க வேண்டும். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 2000இல் தீர்த்த 30எஸ் ரைபோசோம் துணை அலகின் கூடு சுமார் 400 ஆங்ஸ்ட்ராம். 3 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கத்துக்கு வகுத்தால் 0.43 பாகை, ஒழுங்கின்மை 0.2 பாகை என்று கொண்டால் மிஞ்சுவது 0.23. அதற்கு மேல் சுழற்றினால் அடுத்த அடுக்கின் புள்ளிகள் வந்து விழுந்துவிடும். உணரியைத் தள்ளி வைப்பது, கதிரைக் குறுக்குவது, மெல்லிய துண்டுகளாகப் படம் எடுப்பது எல்லாம் இந்த ஒரு கணக்கின் கிளைகள். ஆனால் எறிவது எல்லா இடத்திலும் செல்லாது. கூட்டின் நீண்ட அச்சுத் திசையில்தான் கலப்பு அதிகம் என்றால், எறியும்போது அந்தத் திசையின் செய்தி மட்டும் காணாமல் போய், மின்னடர்த்திப் படம் ஒரு பக்கமாக மங்கும். தசைநாணில் கலந்தவற்றை எறிந்தால் குறுக்குவாக்குச் செய்தி ஏறக்குறைய முழுவதும் போய்விடும்.

கலந்த செறிவைத் தனி அளவீடாக நடத்தும் பிழை பஞ்சில் வேறு வடிவத்தில், நாள்தோறும் நடக்கிறது. திண்டுக்கல்லை அடுத்த வேடசந்தூர் வட்டாரத்து நூற்பாலைகளில் ஓடும் பஞ்சின் செல்லுலோஸ் பெரும்பாலும் பீட்டா வகை. யோஷிஹாரு நிஷியாமா, பால் லாங்கன், ஆன்றி ஷான்சி மூவரும் 2002இல் அதன் கூட்டை 7.784, 8.201, 10.38 ஆங்ஸ்ட்ராம் பக்கங்களும் 96.5 பாகைக் கோணமும் கொண்டதாகத் தீர்த்தார்கள். செம்புக் கதிரில் தூள் படம் எடுத்தால் சுமார் 15, 16.7, 22.8 பாகைகளில் மூன்று உச்சிகள் வர வேண்டும். பஞ்சு எவ்வளவு படிகத்தன்மை கொண்டது என்று சொல்ல, 1959இல் செகாலும் உடனிருந்தவர்களும் தந்த எளிய வழி இன்றும் பரவலாகக் கையாளப்படுகிறது: 22.8 பாகை உச்சியின் உயரத்திலிருந்து 18 பாகைப் பள்ளத்தின் உயரத்தைக் கழித்து, உச்சியின் உயரத்தால் வகு. பள்ளத்தில் இருப்பது முழுவதும் ஒழுங்கற்ற செல்லுலோஸ் என்பது இதன் அனுமானம். ஆனால் படிகத் துணுக்கு 7 நானோமீட்டர் அகலம் என்றாலே ஒவ்வொரு உச்சியும் ஒரு பாகைக்கு மேல் அகன்றிருக்கும். 3 நானோமீட்டர் என்றால் இரண்டரைப் பாகையைத் தாண்டும், முதல் இரண்டு உச்சிகளும் ஒரே திட்டாகிவிடும். இருபுறமும் சரிந்த உச்சிகளின் வால்கள் 18 பாகையில் சந்தித்துப் பள்ளத்தை மேடாக்கும். ஒழுங்கற்ற பொருள் துளியும் இல்லாமலே படிகத்தன்மை குறைந்ததாகக் கணக்கு காட்டும். ஒரே ஆலையில், ஒரே கருவியில், ஒரு பஞ்சை இன்னொரு பஞ்சோடு ஒப்பிட மட்டும்தானே பயன்படுத்துகிறோம் என்று இந்த எண்ணுக்கு ஆதரவாகச் சொல்வார்கள். துணுக்குகளின் அகலம் இரண்டிலும் ஒன்றாக இருந்தால் அது நிற்கும். காரத்தில் ஊறவைத்த பஞ்சையும் ஊறாத பஞ்சையும் ஒப்பிடும்போது அகலமும் மாறுகிறது, செல்லுலோஸின் வகையே மாறுகிறது. அங்கே அந்த எண்ணை நம்பக் கூடாது.

தூள் படத்துக்குச் சரியான வழியை நெதர்லாந்தின் பெட்டனில் நியூட்ரான் தரவோடு போராடிய ஹியூகோ ரீட்வெல்டு 1960களின் பிற்பாதியில் காட்டினார். உச்சிகளைப் பிரித்து எடுக்கவே வேண்டாம். ஒவ்வொரு கோணத்திலும் பதிவான எண்ணிக்கையையே அளவீடாகக் கொண்டு, மாதிரி சொல்லும் எல்லா உச்சிகளையும் அகலத்தோடும் வாலோடும் கூட்டி அதனோடு ஒப்பிடு என்றார் அவர். கட்டமைப்பு தெரியாத பொருளுக்கு 1981இல் பாலி, 1988இல் லெ பெய்ல் தந்த முறைகள் தனிச் செறிவுகளை எடுத்துத் தருகின்றன. ஆனால் லெ பெய்ல் முறையைச் சம மதிப்போடு தொடங்கினால் 333க்கும் 511க்கும் கடைசிவரை சமபங்குதான் கிடைக்கும். அந்தப் பங்கு தரவிலிருந்து வந்ததல்ல, தொடக்கத்திலிருந்து வந்தது. ரீட்வெல்டு முறையிலும் கவனிக்க வேண்டிய ஓர் இடம் உண்டு. ஒப்பீடு முடிந்த பின் நிரல்கள் மாதிரியின் விகிதப்படி மொத்தத்தைப் பங்கிட்டு, அளந்த செறிவு என்ற தலைப்பின் கீழ் எழுதித் தருகின்றன. அவற்றை வைத்து வரைந்த மின்னடர்த்திப் படத்தில் விடுபட்ட அணுவைத் தேடுபவர் தன் மாதிரியின் நிழலையே காணக்கூடும்.

தோலுக்கே திரும்பினால், 2006இல் ஜோசப் ஆர்கெல், தாமஸ் இர்விங், ஆண்ட்ரூ மில்லர், டிம் வெஸ் நால்வரும் எலி வால் தசைநாணை அதன் இயல்பான நிலையிலேயே வைத்து, கொலாஜன் மூலக்கூறுகள் நுண்ணிழைக்குள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்று கண்டார்கள். கூடு முச்சாய்வானது: சுமார் 40, 27, 678 ஆங்ஸ்ட்ராம். நீளவாக்கில் 5.16 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கம் கிடைத்தது, குறுக்குவாக்கில் 11.1 மட்டுமே. அந்த இரண்டு எண்களையும் கட்டுரையில் பக்கத்தில் பக்கத்தில் தனித்தனியாகவே அச்சிட்டார்கள்.